அடுப்படியில் குழந்தைக்கு ஓர் இடம்

செகந்திராபாத் சில்கல்கூடாவிலோ மெட்டுகூடாவிலோ மாலை ஆறு மணிக்கு மேல் நடந்து போனால், தமிழ்க் குடும்பம் இருக்கும் வீட்டைச் சாம்பார்ப் பொடி வாசனையே காட்டிக் கொடுத்துவிடும். அந்த வீட்டில் நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஒன்று இருந்தால், அது அந்த நேரத்தில் எங்கே இருக்கும்? பெரும்பாலும் அடுப்படியில்தான். அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அல்லது அவள் காலுக்கு அடியில் ஒரு தம்ளரையும் கரண்டியையும் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஊரில் என்றால் கதை வேறு. கூடமும் தாழ்வாரமும் உள்ள வீட்டில் சமையலறை ஏதோ ஒரு மூலையில் இருக்கும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்ளப் பாட்டி இருப்பாள், அத்தை இருப்பாள், அடுத்த வீட்டுப் பெண்கள் இருப்பார்கள். இங்கே வீடு என்பது ஒரு போர்ஷன். முன்னால் ஓர் அறை, அதை ஒட்டிக் கைவீசி நிற்க இடம் இல்லாத ஒரு சமையலறை. சில வீடுகளில் இரண்டுக்கும் நடுவே கதவு கூடக் கிடையாது, பழைய புடவையில் தைத்த திரைதான். திண்ணை இல்லை, முற்றம் இல்லை. வாசலைத் தாண்டினால் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் பாய்கிற தெரு. பிள்ளை வேறு எங்கே போகும்?

1966-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி தென் மத்திய ரயில்வே செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்தது. தெற்கு ரயில்வேயில் இருந்த விஜயவாடா, ஹூப்ளி கோட்டங்கள் இதில் சேர்ந்தன. அதற்கு முன்பும் பின்பும் பிழைப்புத் தேடி இங்கே வந்து தங்கிய குமாஸ்தாக்கள், பிட்டர்கள், ஓட்டல் சிப்பந்திகள் எல்லோரும் பெட்டி படுக்கையோடு சமையல் பாத்திரங்களையும் கொண்டு வந்தார்கள். அரிவாள்மணை வந்தது, இட்லிப் பானை வந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டாள். நம்மவர்கள் வீட்டுச் சமையலறையில் நடக்கும் விபத்துகளுக்குப் பாதிக் காரணம் அந்தப் பாட்டி இல்லாத குறைதான் என்று சொன்னால் அது மிகையாகாது.

“அடுப்படிக்கு வராதே” என்று அதட்டிப் பார்க்காத தாய் கிடையாது. பலன்தான் இல்லை. அம்மா இருக்கும் இடத்தில்தான் பிள்ளை இருக்கும். அதுவும் பசி எடுக்கும் வேளையில் நிச்சயம் இருக்கும். ஆகவே துரத்துவதைப் பற்றி யோசிப்பதை விட, அது அங்கேதான் இருக்கப் போகிறது என்று வைத்துக்கொண்டு அடுப்படியை மாற்றி அமைப்பதே புத்திசாலித்தனம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. பேகம் பஜாரிலோ மோண்டா மார்க்கெட்டிலோ கிடைக்கும் நாலு கொக்கியும் ஒரு தாழ்ப்பாளும் போதும்.

ரசமே முதல் எதிரி

தீக்காயம் என்றவுடன் எல்லோருக்கும் நெருப்புத்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் சின்னஞ்சிறு பிள்ளைகளை அதிகம் புண்ணாக்குவது நெருப்பு அல்ல, கொதிக்கும் திரவங்கள்தான் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ரசம், சாம்பார், பால், வடிக்கும் கஞ்சி, குளிக்க வைத்த வெந்நீர், மேசை விளிம்பில் வைத்த காப்பி, இவைதான்.

வெந்நீரின் சூடு 60 டிகிரி இருந்தால் போதும், பெரியவர்களின் தோலையே ஐந்தாறு விநாடியில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். அடுப்பில் இருந்து இறக்கிய ரசத்தின் சூடு 100 டிகிரியை ஒட்டி இருக்கும். குழந்தையின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. ஒரு டவரா காப்பி நமக்குக் கையில் கொட்டினால் ஒரு கொப்புளம். பத்து மாதப் பிள்ளையின் மேல் கொட்டினால் முகம், கழுத்து, மார்பு மூன்றும் போய்விடும். தேநீர் போட்டுக் கால் மணி நேரம் ஆன பிறகும் அது குழந்தையைச் சுடக் கூடியதுதான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காப்பி குடிக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடலாம்.

மேடையின் உயரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டு வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் 86 சென்டிமீட்டர். நின்று சமைக்கும் மேடையும் ஏறக்குறைய அதே உயரம்தான். பிள்ளை கையைத் தூக்கினால் மேடை விளிம்பைத் தாண்டி ஒரு சாண் உள்ளே வரை எட்டும். அங்கே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கைக்கு அகப்பட்டதை இழுக்கும். வாணலியின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதை இழுக்கும். மேடையில் விரித்த துணியின் நுனி தொங்கினால் அதை இழுக்கும். மின்சாரக் கெட்டிலின் வயர் தொங்கினால் கேட்கவே வேண்டாம்.

எனவே சூடான எதுவும் மேடையின் பின்பாதியில், சுவர் ஓரமாகத்தான் இருக்க வேண்டும். பிடிகள் சுவரைப் பார்க்கட்டும். இரண்டு பர்னர் அடுப்பானால் பொரிப்பதும் கொதிப்பதும் பிள்ளை நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்து பர்னரில் நடக்கட்டும். மேடைக்கு விரிப்பு வேண்டாம். கரித்துணி ஆணியில் தொங்கட்டும். முக்காலியோ பிளாஸ்டிக் ஸ்டூலோ அடுப்புப் பக்கம் இருந்தால் அதைப் பிள்ளை ஏணியாக்கிக் கொள்ளும், முன்னறைக்குத் தள்ளிவிடுங்கள்.

நின்று சமைக்கும் மேடை வந்த பிறகு பல ஆபத்துகள் குறைந்தன என்பது உண்மை. தரையில் அடுப்பு வைத்த காலத்தில் தவழும் பிள்ளைக்கும் தணலுக்கும் நடுவில் ஒன்றுமே கிடையாது. ஆனால் நம்மவர்கள் சமைப்பதைத்தான் மேடைக்கு மாற்றினார்கள். சாப்பிடுவது பல வீடுகளில் இன்றும் தரையில்தான். சாம்பார் வாளியும் ரசச் சட்டியும் அடுப்பில் இருந்து நேரே தரைக்கு வருகின்றன. பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேச்சில் மும்முரமாக இருக்கும்போது, எட்டு மாதப் பிள்ளை தவழ்ந்து வந்து அந்தச் சட்டியின் விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கும். சமையல் நேரத்தில் கண்ணும் கருத்துமாக இருந்த தாய்கூட, ‘அப்பாடா’ என்று உட்காரும் சாப்பாட்டு நேரத்தில் அயர்ந்துவிடுகிறாள். கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே பாத்திரம் தரைக்கு வர வேண்டும் என்று வீட்டில் ஒரு சட்டமே போட்டுவிடலாம். ரசம் சூடாக இல்லாவிட்டால் சோறு இறங்காது என்பவர்கள் எழுந்து போய் மேடையில் ஊற்றிக்கொள்ளட்டும்!

கஞ்சி வடிப்பது இன்னொரு கண்டம். அந்த இரண்டு நிமிஷம் பிள்ளை திரைக்கு அந்தப் பக்கம் யாராவது ஒருவர் கையில் இருக்க வேண்டும். குக்கர் உள்ள வீட்டில் ஆவி முழுதும் அடங்கும் முன் மூடியைத் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆபீசுக்கு நேரமாகும்போது அது மறந்துபோகிறது.

இந்த இடத்தில் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மாலை ஆறு முதல் எட்டு வரைதான் அடுப்படியில் வேலையும் அதிகம், பிள்ளையின் அழுகையும் அதிகம். வேலையில் இருந்து வந்த களைப்பில் கால் நீட்டிப் பத்திரிகையை விரிப்பதில் தவறில்லை. இந்தப் பத்திரிகையையும் எட்டு மணிக்கு மேல் விரித்தால் செய்தி ஒன்றும் மாறிவிடாது. அந்த இரண்டு மணி நேரம் பிள்ளையை வாங்கிக்கொள்கிற ஓர் அப்பா, ஆயிரம் தாழ்ப்பாளுக்குச் சமம்.

படிக்கத் தெரியாத பாட்டில்கள்

சமையல் மேடைக்குக் கீழே உள்ள இடம் பிள்ளையின் ராஜ்யம். அது தவழ்ந்து வரும்போது கண்ணுக்கு நேரே தெரிவது அதுதான். அங்கேதான் நாம் பினாயில், கழிவறை கழுவும் ஆசிட், எலி மருந்து, கரப்பான் மருந்து எல்லாவற்றையும் வைக்கிறோம். மண்ணெண்ணெய் ஸ்டவ் பெரும்பாலான வீடுகளில் பரணுக்குப் போய்விட்டது. இன்னும் அதை வைத்திருப்பவர்கள், கட்டட வேலைக் கொட்டகைகளில் தங்கியிருப்பவர்கள், எண்ணெயை எதில் ஊற்றி வைக்கிறார்கள்? காலி சோடா பாட்டிலில், கூல் டிரிங்க் பாட்டிலில்! பினாயிலும் அப்படித்தான் சில்லறையாக வாங்கி ஊற்றப்படுகிறது. நேற்று ஆரஞ்சு ரசம் இருந்த பாட்டிலில் இன்று ஆசிட் இருக்கிறது என்று மூன்று வயதுப் பிள்ளை எப்படி அறியும்?

இங்கே நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கடையில் வாங்கும் சாமான்களில் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ எழுதியிருப்பதை நம் வீட்டுப் பெண்கள் எல்லோராலும் படிக்க முடிவதில்லை. ஊரில் இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த அம்மாவோ மாமியாரோ, பாட்டிலின் நிறத்தைப் பார்த்து எண்ணெய் என்று எடுத்துவிடலாம். ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் ‘விஷம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுவதற்கு ஐந்து நிமிஷம் போதும். பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது என்பதால், பாட்டில் இருக்க வேண்டிய இடம் பரண்தான், அல்லது தாழ்ப்பாள் போட்ட உயர அலமாரி.

அப்படியும் குடித்துவிட்டால்? பதற்றத்தில் எல்லோரும் செய்வது உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது. மண்ணெண்ணெய், ஆசிட் இரண்டுக்கும் இதைவிடக் கெடுதல் வேறு இல்லை. மண்ணெண்ணெய் வாந்தியாக மேலே வரும்போது மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும். ஆசிட், உள்ளே போனபோது சுட்டது போதாது என்று வெளியே வரும்போது இன்னொரு முறை சுடும். வாயைத் தண்ணீரால் துடைத்துக் கழுவிவிட்டு, பிள்ளையோடு அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுதான் சரி. பாட்டிலைப் பார்த்தால் டாக்டருக்கு வேலை சுலபம். டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் உள்ள விஷ முறிவுத் தகவல் மையத்தைக் கட்டணம் இல்லாமல் 1800 116 117 என்ற எண்ணில் இரவும் பகலும் கேட்கலாம்.

தண்ணீரும் விஷத்துக்குக் குறைந்தது அல்ல. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும் பேட்டைகளில் சமையலறை முழுவதும் குடமும் அண்டாவும் பிளாஸ்டிக் டிரம்மும்தான். தலை கனத்த ஒரு வயதுப் பிள்ளை வாளிக்குள் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால், தானாக நிமிரத் தெரியாது. ஒரு சாண் தண்ணீர் கூட வேண்டாம். சத்தமும் கேட்காது. பிடித்து வைத்த ஒவ்வொன்றுக்கும் கனமான மூடி வேண்டும். தண்ணீர் தீர்ந்த வாளி கவிழ்ந்தே கிடக்கட்டும்.

கும்பகோணம் மறக்கக் கூடாதது

2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் நடந்ததை எந்தத் தமிழனும் மறக்க முடியாது. பள்ளியின் சமையல் கூடத்தில் பிடித்த தீ, கீற்றுக் கூரை வழியாக மாடி வகுப்பறைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. வெளியே வர வழி குறுகலாக இருந்தது. அதன் பிறகு தமிழ்நாட்டில் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் பிரிக்கப்பட்டன.

அது பள்ளிக்கூடத்துப் பாடம் மட்டும் அல்ல. ஒரே வாசல் உள்ள போர்ஷனில் அடுப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சில வீடுகளில் வாசலை ஒட்டி அடுப்பு, அதைத் தாண்டி உள்ளே பிள்ளையின் தூளி. தீப் பிடித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நெருப்பைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். குழந்தை தூங்கும் இடத்துக்கும் வாசலுக்கும் நடுவில் அடுப்பு இருக்கக் கூடாது. வாடகை வீட்டில் சுவரை இடிக்க முடியாது. தூளியை மாற்றிக் கட்டலாம் அல்லவா?

சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவி நிற்கும். தரையில் இருப்பது யார்? பிள்ளைதான். நாற்றம் வந்தால் லைட் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. பிள்ளையை வெளியே கொடுத்துவிட்டு, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே நின்று 1906-க்குப் போன் செய்ய வேண்டும். சிலிண்டர் நின்ற நிலையில், அடுப்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். எலி கடித்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். அடுப்புக் குமிழைத் திருகுவது பிள்ளைகளுக்கு ரேடியோவைத் திருகுவது போல ஒரு விளையாட்டு. ஆகவே சமையல் முடிந்ததும் குமிழை மட்டும் நம்பாமல் ரெகுலேட்டரையும் மூடுவது நல்லது.

தொண்டையில் சிக்குபவை

மழைக்காலம் முடியும் தருவாயில் ஐதராபாத் வீதிகளில் சீதாப்பழம் கூடை கூடையாக வந்து இறங்கும். மகபூப்நகர் பக்கத்துப் பழத்தின் ருசியை ஊருக்குப் போனாலும் நம்மவர்கள் மறப்பதில்லை. அதன் வழுவழுப்பான கொட்டை குழந்தையின் தொண்டைக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். கொட்டை எடுத்துச் சதையை மட்டும் ஊட்டுங்கள். நிலக்கடலை, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலைச் சுண்டல், முழுத் திராட்சை எல்லாம் இதே வகைதான். ஐந்து வயது ஆகும்வரை கடலையைப் பொடித்து அல்லது அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். திராட்சையை நீளவாக்கில் நறுக்க வேண்டும். புளி ஆயும்போது புளியங்கொட்டைகள் தரையில் சிதறும். கூட்டிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

சிக்கிக்கொண்டால், பிள்ளை பலமாக இருமுகிறவரை இருமவிடுங்கள். சத்தம் அடங்கி மூச்சு நின்றால் தாமதிக்காதீர்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைக் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். வராவிட்டால் பின்னால் இருந்து கட்டிப் பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்நோக்கி மேலாக ஐந்து முறை அழுத்த வேண்டும். கைப்பிள்ளைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. முன்னங்கையில் குப்புறப் படுக்க வைத்துத் தலை தாழ இருக்கும்படி முதுகில் ஐந்து தட்டு, பிறகு மல்லாத்தி நடு மார்பில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. பொருள் வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கூட இருப்பவர் அதற்குள் ஆம்புலன்சைக் கூப்பிடட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும்.

சுட்ட புண்ணுக்குச் செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம். குழாய்த் தண்ணீர், இருபது நிமிஷம். அவ்வளவுதான். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? ஒருவர் இட்லி மாவு என்பார், ஒருவர் பேனா இங்க் என்பார், பற்பசை, தேங்காய் எண்ணெய், மஞ்சள் என்று ஆளுக்கு ஒன்றாகப் பூசி, ஆஸ்பத்திரியில் அதையெல்லாம் சுரண்டி எடுக்கும்போது பிள்ளை இரண்டாம் முறை துடிக்கும். ஐஸும் வைக்கக் கூடாது. உடனே துணி, வளையல், அரைஞாண் கயிறு முதலியவற்றைக் கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்கக் கூடாது. குழாயில் தண்ணீர் வராத நாள் ஆனால், பிடித்து வைத்ததைச் சொம்பு சொம்பாக மொண்டு இருபது நிமிஷம் ஊற்றுங்கள். புண் இல்லாத இடத்தைப் போர்வையால் மூடி வையுங்கள், பிள்ளைக்குக் குளிர் கண்டுவிடும். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி எடுத்துச் செல்ல வேண்டியது. முகம், கை, மர்ம உறுப்பு இவற்றில் பட்டால், சிறிய புண்ணாகத் தெரிந்தாலும் வீட்டு வைத்தியம் கூடாது.

108 என்ற எண்ணில் வரும் ஆம்புலன்ஸ் வண்டி நாடு முழுவதும் பேர் பெற்றது. அது 2005-ம் ஆண்டு ஆகஸ்டில் இந்த ஐதராபாத்தில்தான் முதலில் ஓடத் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008-ல்தான் போயிற்று. குழந்தைகளுக்கென்று ரெட் ஹில்ஸ் பகுதியில் நிலோபர் ஆஸ்பத்திரி 1953-ல் இருந்து நடக்கிறது. நிஜாம் குடும்பத்து மருமகள் நிலோபர், தன் பணிப்பெண் ஒருத்தி பிரசவத்தில் இறந்ததைத் தாளாமல் உண்டாக்கியது அது. செகந்திராபாத் பக்கம் இருப்பவர்களுக்கு முஷீராபாத் காந்தி ஆஸ்பத்திரி கிட்டம்.

கூட்டாஞ்சோறும் ஒரு படிப்பு

இவ்வளவும் காவல் வேலை. காவல் மட்டும் போதாது. பயமுறுத்தியே வளர்த்த பிள்ளை, அம்மா அந்தண்டை போனதும் அடுப்பைத் தொட்டுப் பார்க்கத்தான் செய்யும். அதற்கு அங்கே ஓர் இடமும் ஒரு வேலையும் கொடுத்துவிட்டால் பாதி ஆபத்து தானாகக் குறையும்.

இதை உலகத்துக்கே எடுத்துச் சொன்ன ஓர் அம்மையார் நம் சென்னையில் வந்து தங்கியிருந்தார். இத்தாலி நாட்டு டாக்டர் மரியா மாண்டிசோரிதான் அவர். 1907-ம் ஆண்டு ரோமாபுரியில் கூலி வேலை செய்யும் ஏழைகள் குடியிருந்த பேட்டை ஒன்றில், தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் படிக்கட்டிலும் தாழ்வாரத்திலும் திரிந்த பிள்ளைகளுக்காகத் தம் முதல் பள்ளியை ஆரம்பித்தார். அந்த வீடுகள் இன்றைய நம் லைன் வீடுகளைப் போன்றவையே. பிள்ளைகளின் உயரத்துக்கு மேசை நாற்காலி செய்து போட்டு, தண்ணீர் ஊற்றுவது, துடைப்பது, தட்டு வைப்பது, பரிமாறுவது போன்ற வீட்டு வேலைகளையே பாடமாக வைத்தார். 1939-ல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பின் பேரில் சென்னைக்கு வந்தவர், உலக யுத்தம் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. இடையில் கோடைக்கானலிலும் இருந்தார்.

அம்மையார் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் பிள்ளைகள் சொப்பு வைத்துக் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடியவர்கள்தான். அந்தச் சொப்பை முன்னறையில் இருந்து அடுப்படியின் ஒரு மூலைக்குக் கொண்டுவந்தால் போதும். அடுப்பில் இருந்து எட்ட, அம்மா திரும்பினால் பார்வையில் படுகிற இடத்தில் ஒரு பாய் விரியுங்கள். பாயின் விளிம்பில் சுண்ணாம்பாலோ கோலமாவாலோ ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் பிள்ளையின் சமையலறை, அந்தப் பக்கம் அம்மாவுடையது. அம்மாவும் கோட்டைத் தாண்டிச் சூடான பாத்திரத்துடன் இந்தப் பக்கம் வரக் கூடாது. கட்டுப்பாடு இருவருக்கும் உண்டு என்றால் பிள்ளை மதிக்கிறது. கீழ்த் தட்டில் இருந்த ஆசிட்டுக்குப் பதில் அங்கே இரண்டு எவர்சில்வர் கிண்ணம், மரக்கரண்டி, மூடி பொருந்தும் டப்பாக்கள். திறந்து மூடிப் பார்ப்பதிலேயே ஒரு வயதுப் பிள்ளைக்கு அரை மணி போகும்.

மூன்று வயதானால் நிஜ வேலையே கொடுக்கலாம். கீரை ஆயலாம். இங்கே மலிவாகக் கிடைக்கும் கோங்கூரா, அதாவது நம் புளிச்ச கீரை, இலை பெரிதாக இருப்பதால் சின்ன விரல்களுக்குக் கிள்ள வசதி. கறிவேப்பிலை உருவலாம். கொத்தவரங்காயை முறிக்கலாம். தக்காளியைக் கழுவி முறத்தில் அடுக்கலாம். நான்கு வயதில் சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை, அடுப்பில் ஏற்றுவதற்கு முன் இட்லித் தட்டில் மாவு ஊற்றும் உத்தியோகம். கொஞ்சம் சிந்தும். சிந்தியதைத் துடைப்பதும் அதன் வேலையாகவே இருக்கட்டும். அரிவாள்மணை மட்டும் வேலை முடிந்த கணமே மடக்கி மேலே போய்விட வேண்டும். மிக்சியும் கிரைண்டரும் ஓடாத நேரத்தில் பிளக்கைக் கழற்றி வையுங்கள். தான் ஆய்ந்த கீரையைப் பிள்ளை தகராறு இல்லாமல் சாப்பிடுவதைப் பார்த்துத் தாய்மார்களே ஆச்சரியப்படுகிறார்கள்.

கீரையைப் பற்றிச் சொல்லும்போது தார்நாக்காவில் உள்ள தேசிய உணவு ஊட்டக் கழகத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1918-ல் நீலகிரி குன்னூரில் ஒரு சிறிய ஆராய்ச்சிப் பிரிவாக ஆரம்பித்து, 1958-ல் மூட்டை முடிச்சோடு ஐதராபாத்துக்கு வந்து சேர்ந்த நிறுவனம் அது. ஒரு வகையில் நம்மைப் போலப் பிழைக்க வந்ததுதான். அதன் இயக்குநராகப் புகழ் பெற்ற டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். ஆறு மாதம் முடிந்தவுடன் தாய்ப்பாலோடு வீட்டுச் சாப்பாட்டையும் மசித்துக் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்பது அந்தக் கழகம் தரும் யோசனைகளில் ஒன்று. ஆக, ஆறு மாதத்திலேயே பிள்ளைக்கு அடுப்படியோடு உறவு தொடங்கிவிடுகிறது.

கடைசியாக ஒரு பாஷைப் பிரச்சினை. பகலில் பல வீடுகளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பக்கத்துப் போர்ஷன் தெலுங்கு அம்மாள்தான். அவர் அடுப்பைக் காட்டி ‘வேடி, வேடி’ என்பார். தெலுங்கில் அது சூடு. நம் பிள்ளையின் காதுக்கு அது தீபாவளி வெடி! பட்டாசு இருக்கிறதாக்கும் என்று ஆவலோடு கிட்டே போகும். எதிர் வீட்டுக்காரர் உருதுவில் ‘கரம்’ என்பார். ‘சுடும்’, ‘வேடி’, ‘கரம்’ மூன்றையும், சற்றே வெதுவெதுப்பான தம்ளரைப் பிள்ளையின் விரலால் தொடவைத்து, ஒன்றாகவே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். கூடவே 108, 1906 இரண்டையும் அந்தத் தெலுங்கு அம்மாள் வீட்டுக் கதவிலும் தெலுங்கு தெரிந்தவரைக் கொண்டு எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.